திருப்பி வைக்காத ஷூ

— பந்து கோலுக்குள்ள போச்சா இல்லையா, அதச் சொல்லு முதல்ல. மூணு வாரமா அந்தரத்துல தொங்குது, சிகுசா!

— போகாம இருக்குமா அக்கா, அடிச்சது உங்க யூசாகு ஆச்சே! உங்க வீட்டுக்காரர் படக்கதையில அந்த இடத்தை இன்னும் வரைஞ்சு முடிக்கல. அதை வச்சு கார்ட்டூன் எடுக்கிற டிவிக்காரங்க என்ன பண்ணுவாங்க, இழுக்கிறாங்க.

— அதானே பாத்தேன். மேகத்தையும் கொடியையும் காட்டியே அரை மணி நேரத்தை ஓட்டிட்டானுங்க. சரி, உள்ள வா. அய்யய்யோ, பாத்து! அவன் ஷூவை மிதிச்சிடாத.

— தெரியும் அக்கா. எத்தனை வருஷமா தாண்டித் தாண்டி வரேன்.

— நீ எனக்குப் பழக்கமானதே இந்த ஷூவாலதானே. முதல் வாரம் டிவில, வீட்டுக்கு வந்த பையன் ஷூவைக் கழட்டி, திரும்பக் கிளம்புறப்போ மாட்டிக்க வாகா வாசலைப் பாக்க அழகா திருப்பி வச்சான் பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் யூசாகு ஒரு நாளாவது திருப்பி வச்சிருக்கானா? உதறிட்டு ஓடுவான். பின்னாடியே நான்தான் குனிஞ்சு திருப்பணும்.

— நீங்க போன்ல போட்ட சத்தத்துல ஸ்டூடியோவே நடுங்கிப் போச்சு. "படக்கதை வரையறவர் சம்சாரம், நீ பேசு"ன்னு போனை என் கையில திணிச்சுட்டாங்க. பையனுக்குக் குரல் குடுக்கிறவ நான், ஷூவைப் பத்தி எனக்கென்ன தெரியும்?

— "மன்னிச்சுக்கோம்மா"ன்னு அவன் குரல்லயே சொன்னே பாரு. பொம்பளை நீ, உன் தொண்டையில என் பிள்ளை. அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

— நினைச்சா இப்பவும் எனக்குக் கஷ்டமா இருக்கு அக்கா.

— என்ன கஷ்டம்? அந்தக் குரல்லதானே உசுரோட இருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவனுக்குப் பிடிச்ச கறிச்சோறு வைப்பேன். கதவுக்குத் தாப்பா போடமாட்டேன். டிவில கதவைத் திறந்து "வந்துட்டேன்!"னு நீ கத்துவே. நான் இங்கேர்ந்து "வாடா"ம்பேன். எனக்கு அது போதும்.

— அக்கா... அதைப் பத்தித்தான் பேசணும்.

— என்ன? நிறுத்திடப் போறாங்களா?

— இல்ல. யூசாகு வளரப் போறான். வெளியூர் பள்ளிக்கூடத்துல சேந்து, விடுதியில தங்கி விளையாடப் போறான். குரல் உடையுற வயசு. இனிமே ஆம்பளை ஒருத்தர் பேசுவார்.

— யாரு முடிவு பண்ணினது? படக்கதை போடுற பத்திரிகைக்காரனா?

— உங்க வீட்டுக்காரரே.

— ஓஹோ! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா அந்த மனுஷன்? டோக்கியோவுல உக்காந்துக்கிட்டு, மேசையிலயே தூங்கி, தினம் தினம் பிள்ளையை வரைஞ்சு பாத்துக்கிறார். எனக்கு வாரத்துக்கு ஒரே ஒரு வார்த்தை. அதையும் பிடுங்கணுமா?

— கேக்கத்தான் என்னை அனுப்பினார். உங்க முகத்தைப் பாத்துக் கேக்க அவருக்குத் தைரியமில்ல. இந்தப் படத்தைப் பாருங்க. யூசாகு பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறான். அவன் பேசுற இடத்தை வெறுமையா விட்டிருக்கார். நாளைக்குக் கடைசியா நான் பேசணும். என்னன்னு பேசுறதுன்னு கேட்டா, "எழுத வரலைம்மா, வீட்ல கேளு"ன்னு அழுறார்.

— இதுல கேக்க என்ன இருக்கு? வீட்டை விட்டுக் கிளம்புற பிள்ளை "போயிட்டு வரேன்"னுதான் சொல்லும்.

— அதை இவன் ஒரு தடவைகூட சொன்னதில்லையே அக்கா. வீட்டுக்கு வருவான், வருவான், வந்துக்கிட்டே இருப்பான். கிளம்புறதை அவர் வரைஞ்சதே இல்ல.

— எப்படி வரைவார்? என் பிள்ளை சொல்லிட்டா போனான்? விளையாடிட்டு வந்தான், தலை வலிக்குதுன்னு படுத்தான். ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டு ஓடினப்போ வெறுங்காலு. ஷூ இங்கயே கிடந்துச்சு, வீட்டுக்குள்ள பாத்தபடி. வந்து திருப்பிக்கலாம்னு போனேன். அவனில்லாம வந்தேன். திருப்ப மனசு வரல.

— வேண்டாம்னா சொல்லிடுங்க அக்கா. நானும் பேசல, அவரும் வரையல. பையன் பன்னெண்டு வயசுலயே இருந்துட்டுப் போகட்டும்.

— அவன் கூட்டாளிங்கள்லாம் கடைவீதியில பாக்குறேன். மீசை வச்சுக்கிட்டு, பிள்ளையைத் தோள்ல தூக்கிக்கிட்டு. இவன் மட்டும் அதே அரைக்கால் சட்டையில, அதே திடல்ல எத்தனை நாளைக்கு ஓடுவான்? கால் வலிக்காதா அவனுக்கு?

— அக்கா, எங்க எழுந்துட்டீங்க? ஐயோ, அந்த ஷூவை ஏன் தொடுறீங்க? யாரையும் தொட விடமாட்டீங்களே!

— தோலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு பாரு. ம்... இப்போ வாசலைப் பாக்குது. வா, இங்க வந்து நில்லு. அவனா சொல்லு.

— என்னால முடியாது அக்கா.

— சொல்லுடி. நாளைக்கு ஊருக்கெல்லாம் சொல்லுவே. முதல்ல பெத்தவகிட்ட சொல்லு.

— ...போயிட்டு வரேம்மா!

— போடா கண்ணு. அம்மா இனிமே கதவுக்குத் தாப்பா போட்டுக்கிறேன்.