சுவர் கட்டக் கற்ற பிள்ளைகள்

எனக்குக் குழந்தைகள் என்றாலே ஆகாது, ஐயா. ஒரே இரைச்சல். அக்கா எத்தனை வரன் கொண்டுவந்தும் நான் நழுவியதற்கு அதுதான் காரணம். ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்ப்பது என் வேலை. கண்ணாடித் தட்டில் தீனி ஊற்றிக் கதகதப்பான பெட்டியில் வைத்தால் போதும், சத்தம் போடாமல் வளரும்.

இந்தக் கிருமி மாமாவின் காலிலிருந்து வந்தது. மாமா என்றால் அக்காவின் கணவர். சர்க்கரைப் புண். ஆஸ்பத்திரியில் இருந்த எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. புண்ணைத் துடைத்த பஞ்சை எங்களுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து நான்தான் வளர்த்து ஆளாக்கினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என்னுடையவை உண்மையிலேயே பொன் நிறம்.

மருந்தை வடிவமைத்தவர் எங்கள் டாக்டரம்மா. கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்ப ஒரு நொதி வேண்டும். அந்த நொதியில் போய் அடைத்துக்கொள்ளும் மருந்து அது. சுவர் இல்லாத கிருமி வெடித்துச் சாகும். முதல் சோதனையிலேயே தட்டு காலி.

"அப்பாடா, ஒண்ணுகூட மிஞ்சல. உங்க மாமா பொழச்சிட்டாருன்னு வெச்சுக்கோங்க" என்று டாக்டரம்மா எனக்கு மிட்டாய் கொடுத்தார். எனக்கோ பெற்ற வயிறு பற்றி எரிந்தது. வீட்டுச் சுவரைக் கட்டவிடாமல் கொல்வது என்ன வீரம்?

ஒரு தட்டை மட்டும் ஒளித்துவைத்தேன். அதே மருந்தைச் சாகாத அளவுக்குத் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கினேன். அடியாத மாடு படியாது இல்லையா? கடைசியில் எவ்வளவு ஊற்றினாலும் என் தங்கங்கள் அசரவில்லை. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இவ்வளவு தேறியவர்களைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைப்பதா? பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மறுநாள் மாமாவுக்குப் புது மருந்து ஏற்றுவதாக இருந்தது. நான் கட்டு மாற்றுகிறேன் என்று சொல்லி அக்காவை டீ குடிக்க அனுப்பினேன்.

"நர்ஸ் கையைவிட உன் கை மெதுவா இருக்கு மாப்ள" என்றார் மாமா. மெதுவாகத்தான் தடவினேன். அவசரப்பட்டால் அவர்களுக்கு அடிபடும்.

மருந்து கேட்கவில்லை. ஒரே வாரத்தில் மாமா போய்விட்டார். "எல்லாத்தையும் கொன்னுடும்னு சொன்னியேடா" என்று அக்கா என் சட்டையைப் பிடித்துக் கதறினாள். நானும் கதறினேன். என் வாக்குமூலத்தில் அதை நடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்துங்கள், மற்றதெல்லாம் சரி.

தொற்றிவிடும் என்று பயந்து உடம்பை அன்றே எரித்தார்கள். உள்ளே அத்தனை கோடிப் பேர் உயிரோடு இருந்தார்கள், ஐயா. ஒருவரையாவது வெளியே எடுக்கிறேன் என்று கெஞ்சினேன், யாரும் கிட்டேயே விடவில்லை. கொலை என்றால், அதுதான் கொலை.