கம்பத்தில் கவிழ்த்த பாட்டில்

டீசல் உறைந்துபோவதைப் பார்த்திருக்கிறீர்களா? விசாரிக்க வந்த நீங்கள் பனி விழாத தெற்கே வளர்ந்தவர் என்று வெளியே நிற்கும் காவலர் சொன்னார், அதனால் கேட்கிறேன். தண்ணீர் மாதிரி கல்லாக ஆகாது. முதலில் கலங்கும். பிறகு மெழுகு மெழுகாகத் திரளும். அந்த மெழுகு ஃபில்டரை அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குக் குடிக்க ஒன்றும் கிடைக்காது, நின்றுவிடும். டேங்க் என்னவோ நிறைந்துதான் இருக்கும்.

டகோட்டாவின் இந்த வடக்குப் பக்கத்தில் டீசல் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் எண்ணெயோடு ஒரு மருந்து ஊற்றுவார்கள். வெள்ளை பாட்டிலில் வரும். எண்ணெய் கலங்குவதற்கு முன்னால் ஊற்ற வேண்டும். கலங்கிய பிறகு ஊற்றிப் பயனில்லை.

எங்கள் வீட்டில் அதை ஊற்றுவது நான்தான். என் தம்பி லைலுக்கு அந்த வேலையே தெரியாது. தெரியாது என்றால், தெரியும், செய்யமாட்டான். எண்ணெய்த் தொட்டி இருக்கும் சூடான கொட்டகையின் வாசலில் ஒரு கம்பம் இருக்கிறது. மருந்து ஊற்றியதும் காலி பாட்டிலை அதன் ஆணியில் கவிழ்த்து மாட்டிவிடுவேன். பாட்டில் கவிழ்ந்திருந்தால் வண்டியை எடுக்கலாம் என்று அர்த்தம். இதை நாங்கள் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளவில்லை, அப்படியே பழகிவிட்டது. அவன் சமையலறை ஜன்னல் வழியாகவே கம்பத்தைப் பார்ப்பான்.

"என்ன அண்ணே, புள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?" என்பான்.

"குடுத்தாச்சு. ஏப்பம் விட வெச்சு எடுத்துட்டுப் போ" என்பேன்.

ஒவ்வொரு தடவையும் இதேதான். நாங்கள் வேறு அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை.

இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடுகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் காலையும் மாலையும் வைக்கோல் உருளைகளைப் பிரித்துப் போட வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டியைக் கோடரியால் உடைக்க வேண்டும். ஒருவர் டிராக்டர் ஓட்டினால் ஒருவர் இறங்கிக் கயிறு வெட்ட வேண்டும். இரண்டு பேர் செய்கிற வேலை அது. ஒருவர் செய்தால் நாள் முழுக்க அதுவே ஆகிவிடும். என் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. உங்களுக்குப் புரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

மார்லிஸ் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். புருஷனை இழந்தவள், நல்ல பெண், சிரித்துப் பேசுவாள். அவளைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வராது. லைல் அங்கே சாப்பிடப் போக ஆரம்பித்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. ஒருமுறை என்னையும் கூட்டிப்போனான். அவள் காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஓரின், உங்க தம்பிக்கு மேல் சட்டையில ஒரு பட்டன் இல்ல. வண்டி மட்டும் பளபளன்னு இருக்கு. அத மட்டும்தான் பாத்துக்குவீங்களா?"

"வண்டி நான் சொன்னா கேக்கும்மா" என்றேன்.

லைல் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஜனவரியில் ஒரு காலை, முட்டை தின்றுகொண்டிருக்கும்போது சொன்னான். "அண்ணே, நான் அவகூடயே இருந்துறலாம்னு பாக்குறேன். வெள்ளிக்கிழம போறேன்."

"மாடு?"

"கன்னு போடுற மாசம் வந்துருவேன். வராம இருப்பனா? அதுவரைக்கும் ஆள் யாராச்சும் வெச்சுக்க."

"சரிடா" என்றேன். தட்டை எடுத்துக் கழுவினேன். சண்டை எதுவும் நடக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை குளிர் மோசமாக இருந்தது. எச்சில் துப்பினால் விழுவதற்குள் உறைந்து தரையில் சத்தம் கேட்கும், அந்த மாதிரி. பள்ளிக்கூட பஸ்கூட ஓடவில்லை. இப்படிப்பட்ட நாளில் எங்கள் பக்கத்துச் சாலையில் யாரும் போகமாட்டார்கள். அவன் போகிறேன் என்றான். மார்லிஸ் சமைத்து வைத்திருக்கிறாள் என்றான்.

வண்டிக்கு நான்தான் எண்ணெய் நிரப்பினேன். எங்கள் தொட்டியில் இருந்தது கோடையில் வாங்கிய டீசல். அதில் மருந்து கலக்காமல் குளிரில் ஓட்ட முடியாது. அன்றைக்கு எனக்குக் களைப்பாக இருந்தது, மருந்து ஊற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று முதல் நாள் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. பாதி வழியில் வண்டி மக்கர் பண்ணினால் திரும்பி வந்துவிடுவான், வந்தவன் யோசிப்பான் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

பாட்டிலைக் கம்பத்தில் கவிழ்த்து மாட்டினேன். அது போன வாரத்துக் காலி பாட்டில்.

வண்டி இரவெல்லாம் அந்தச் சூடான கொட்டகைக்குள் நின்றிருந்தது, உடனே ஸ்டார்ட் ஆனது. அப்படித்தான் ஆகும். இன்ஜின் சூடு ஆரம்பத்தில் தாங்கும். வெட்டவெளிக்குப் போய்க் காற்று அடிக்கும்போதுதான் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே எல்லோர் வண்டியிலும் சீட்டுக்குப் பின்னால், பனியில் மாட்டிக்கொண்டால் உதவ, ஒரு பெட்டி இருக்கும். கம்பளி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, தின்ன ஏதாவது. அவன் பெட்டியில் எலி புகுந்திருந்தது. கம்பளியை உதறிக் காயப்போடலாம் என்று வியாழக்கிழமையே பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். எலி புகுந்தது உண்மை. நீங்கள் கம்பளியைப் பார்க்கலாம்.

இருட்ட ஆரம்பித்த நேரத்தில் போன் வந்தது. மேட்டைத் தாண்டி, வீடுகளே இல்லாத இடத்தில் நின்றிருந்தான்.

"அண்ணே, புள்ளைக்குப் பால் பத்தலபோல. படுத்துருச்சு."

"எறங்கி நடக்காத. வண்டிக்குள்ளயே இரு. நான் வர்றேன்."

"பெட்டிய எங்க காணோம்?"

"இங்க இருக்கு. எடுத்துட்டு வர்றேன். போனை அணைச்சு வை, குளிருக்கு பேட்டரி போயிரும்."

"சரி. மார்லிஸ்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரு. கத்துவா."

வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இறங்கி நடந்தவர்கள்தான் செத்திருக்கிறார்கள். நான் சொன்னதில் தவறே கிடையாது. போனை அணைக்கச் சொன்னதும் நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் குளிரில் ஒருமுறை அணைந்த போன் மறுபடி உயிர் பெறாது. அதுவும் எனக்குத் தெரியும்.

என் வண்டியில் மருந்து ஊற்றியிருந்தேன். அதை ஸ்டார்ட் செய்தேன். கம்பளியை மடித்து, பெட்டியைத் தூக்கி முன் சீட்டில் வைத்தேன். ஹீட்டர் போட்டு உள்ளே உட்கார்ந்தேன். நன்றாக இருந்தது. நாள் முழுக்க அப்போதுதான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் அவனும் உட்காரட்டும், இங்கே ஒவ்வொரு நாளும் எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும் என்று பட்டது. பிறகு வண்டியை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போனேன்.

மார்லிஸ் கூப்பிட்டாள். "எங்க அவரு? போன் எடுக்க மாட்டேங்குறாரு. சூப் ஆறிப்போச்சு."

"இன்னிக்கி வரலம்மா. ரோடு சரியில்லன்னு நான்தான் வேணாம்னேன். படுத்துத் தூங்குறான்."

"நல்ல வேலை பண்ணீங்க ஓரின்" என்றாள். "எனக்கு இப்பத்தான் உசுரு வந்துச்சு. அவருகிட்ட சொல்லாதீங்க, நான் பயந்தேன்னு."

"சொல்ல மாட்டேன்மா" என்றேன்.

அசதியில் தூங்கிப்போய்விட்டேன் என்று போன தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை மாற்றிக்கொள்ளுங்கள். நான் தூங்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். சாவி மேஜையில் இருந்தது. காற்று நின்ற பிறகும், சாலை தெளிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவன் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. எழுந்தால் போய்விடுவேன் என்று தெரிந்ததால் எழவில்லை.

நான் அவன்மேல் கை வைக்கவில்லை. எங்கள் வாழ்க்கையில் நான் அவனை ஒருமுறைகூட அடித்ததில்லை. என் தம்பியை இங்கே என்னைப்போல் யாரும் பார்த்துக்கொண்டது கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மறுநாள் காலை சாலையில் பனி தள்ளும் வண்டிக்காரர் அவனைக் கண்டார். சொன்னபடி உள்ளேயேதான் இருந்தான். கண்ணாடியெல்லாம் உள்பக்கம் உறைந்திருந்தது. பின்கண்ணாடியில் மட்டும், எங்கள் வீட்டுப் பக்கமாக, ஒரு முகம் பார்க்கிற அளவுக்கு நகத்தால் சுரண்டி வைத்திருந்தான்.