மூணாவது கார்டு

இல்ல அண்ணி, மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. நீங்களா ஒண்ணு நினைச்சுக்கிட்டு அழாதீங்க. உக்காருங்க முதல்ல. பாப்பா ஸ்கூல்லதானே இருக்கா? சரி. ஃபேனைப் போடுறேன், உங்களுக்கு வேர்த்துக் கொட்டுது.

அந்த ஆபீசர் நேத்து என்ன சொன்னாரு, இன்னொரு தடவை சொல்லுங்க. ம். உங்க நாத்தனார்கிட்ட இருக்கற கார்டை வாங்கிட்டு வாங்க, உங்க வீட்டுக்காரரை அன்னைக்கே அனுப்பிடறோம்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரா? ஆமா, அவருக்கு எப்பவும் சிரிச்ச மூஞ்சிதான். எங்கிட்டயும் அப்படித்தான் பேசினாரு, தங்கச்சி தங்கச்சின்னு.

தரேன் தரலைங்கறது அப்புறம் இருக்கட்டும். அது என்ன கார்டுன்னு தெரியுமா உங்களுக்கு? அதானே. அண்ணன் சொன்னதில்ல, நீங்களும் கேட்டதில்ல. ஞாயித்துக்கிழமையான்னா சட்டையை மாட்டிட்டு மீட்டிங்னு கிளம்பிடுவாரு. வேற எவளாவது இருக்காளான்னு எங்கிட்ட வந்து கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? இருந்தா அண்ணி. பீரோ சைஸுக்கு ஒரு இரும்புப் பெட்டி, அதுக்குள்ள கீபோர்டு தேஞ்சுபோன பழைய லேப்டாப். அதுதான் உங்க சக்களத்தி.

சிரிங்க, பரவால்ல. நீங்க சிரிச்சுப் பார்த்து எத்தனை நாளாச்சு.

நான் வரிசையாச் சொல்லிடறேன். வரிசையாச் சொன்னாத்தான் என்னால சொல்ல முடியும். நீங்க ஃபோன்ல பேங்க் சைட்டைத் திறக்கறீங்க இல்ல, இது நிஜமாவே பேங்க்குதான், எவனோ திருட்டுப்பய இல்லன்னு உங்க ஃபோனுக்கு எப்படித் தெரியுது? ஃபோனுக்கு நம்பிக்கையான ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருப்பாரு. அதுதான் சர்ட்டிஃபிகேட். அந்தக் கையெழுத்துப் போடறதுக்குன்னே பெரிய பெரிய கம்பெனியெல்லாம் இருக்கு. ஆனா மேலிடத்துல இருந்து யாராவது முறைச்சா கம்பெனிக்காரன் பின்வாங்கிடுவான். அப்படித்தான் அடி தாங்க முடியாம ஓடி வர்ற பொம்பளைங்களுக்கு இடம் கொடுக்கற அந்த இல்லத்தோட சைட்டைக் கை கழுவினாங்க. அண்ணனுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நாமளே போடுவோம்டான்னு ஆரம்பிச்சாரு. நம்ம ஜனங்க நம்மளை நம்பினாப் போதும், நாமளே கையெழுத்துப் போடலாம்னு. ஒவ்வொருத்தர் ஃபோனா வாங்கி, எங்க கையெழுத்தை நம்பற மாதிரி அதுல ஏத்திக் கொடுத்தோம். இல்லம், கிளினிக்கு, வக்கீலுங்க, தொழிலாளிங்க சங்கம்னு ஒவ்வொருத்தரா வந்து சேர்ந்தாங்க.

கையெழுத்துப் போடற சாவி அந்த லேப்டாப்புக்குள்ள. அது நெட்டைக் கண்ணால பார்த்ததில்ல. பல் டாக்டர் கிளினிக்குக்குப் பின்னாடி பழைய எக்ஸ்ரே ரூம், ஈயத்தகடு அடிச்ச கதவு, அங்கதான் பெட்டி. ஒருத்தர் தனியாப் போய்த் திறக்க முடியாது. அஞ்சு பேர்கிட்ட ஏடிஎம் கார்டு மாதிரி சிப் வச்ச அஞ்சு கார்டு, அவங்கவங்க நம்பர் அவங்கவங்க மண்டைக்குள்ள. எந்த மூணு பேராவது சேர்ந்து வந்தாத்தான் சாவி முழிக்கும். அண்ணன், டாக்டர், டெய்லர் அக்கா, டிரைவிங் ஸ்கூல்காரர், அப்புறம் நான்.

எவ்வளவு கறார்ங்கறீங்க அண்ணன்! ஃபோனையெல்லாம் வெளியவே பிஸ்கட் டப்பாவுல போட்டுடணும். கையெழுத்துப் போடற சைட்டோட விவரத்தை அவர் ஒவ்வொரு எழுத்தாப் படிப்பாரு, டாக்டர் திருப்பிச் சொல்லணும், டெய்லர் அக்கா ஸ்கிரீன்ல சரிபார்க்கணும். ஒரு தடவை பாதியில அக்கா பாத்ரூம் போயிட்டு வந்துச்சு. முதல்லேருந்து ஆரம்பிங்கன்னுட்டாரு. டாக்டர் குதிச்சாரு பாருங்க. நீங்க பல்லைப் பாதி பிடுங்கிட்டு டீ குடிக்கப் போவீங்களான்னு கேட்டாரு அண்ணன். டாக்டரும் முதல்லேருந்து திருப்பிச் சொன்னாரு.

இருங்க, வரேன், அங்கதான் வரேன்.

கெமிக்கல் ஃபேக்டரி வெடிச்சது தெரியுமில்ல. அலாரத்தை ஆஃப் பண்ணி வைக்கச் சொன்னது யாருன்னு உள்ள வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும். வாயைத் திறக்கத்தான் பயம். வக்கீலுங்க ஒரு சைட் வச்சாங்க, பேரை வெளிய விடமாட்டோம், பார்த்ததை எழுதுங்கன்னு. எழுதினாங்க அண்ணி, நிறைய பேர். அந்த சைட்டுக்குக் கையெழுத்து நாங்கதான். ஃபேக்டரிக்காரனைக் காப்பாத்தப் பாக்கற அந்த ஆபீசர் ஆளுங்க கையில எங்க சாவி கிடைச்சா அச்சு அசலா அதே மாதிரி பொய் சைட் ஒண்ணு வைக்கலாம். எழுத வர்றவன் ஃபோனும் ஆமா, இதுதான் அதுன்னு நம்பிடும். பேரு, ஊரு, குடும்பம் எல்லாத்தையும் அவனே கொண்டுவந்து அவங்க கையில கொடுத்துட்டுப் போவான். அதுக்கப்புறம் அவன் என்ன ஆவான்?

அதுக்குத்தான் அண்ணனைத் தூக்கினாங்க. விசாரிச்சுட்டு அனுப்பறோம்னாங்க. லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. டாக்டர் கார்டையும் கொடுத்துட்டாரு, நம்பரையும் சொல்லிட்டாரு. டெய்லர் அக்காவும்தான். அவங்களைத் திட்டாதீங்க அண்ணி. அக்கா பசங்க ஸ்கூல் வாசல்லயே ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினாங்களாம், யார்தான் தாங்குவா? டிரைவிங் ஸ்கூல்காரர் போன வருஷமே மகளோட இருக்கப் போறேன்னு ஊரைவிட்டுப் போயிட்டாரு. போகும்போது அவர் கார்டை எல்லார் முன்னாடியும் வெட்டிப் போட்டாச்சு. இன்னொரு ஆளைப் போடணும் போடணும்னு தள்ளிக்கிட்டே போச்சு.

மிச்சம் ரெண்டு, அண்ணனோடதும் என்னோடதும். நம்பரை நானே அடிக்கறேன்னு சொல்லி அண்ணன் தன் கார்டை வாங்கினாராம். வேணும்னே தப்பா அடிச்சாரு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. மூணு தடவை தப்பா அடிச்சா கார்டு செத்துடும், திரும்ப எழுப்ப முடியாது. டெய்லர் அக்கா பக்கத்துலதான் இருந்திருக்கு, அதுதான் வந்து சொல்லிச்சு. மூணாவது தடவை அடிச்சுட்டு கையைத் துடைச்சுக்கிட்டாராம், சாப்பிட்டு எழுந்த மாதிரி.

அதுக்கப்புறம் அவரை என்ன பண்ணாங்கன்னு அக்கா சொல்லல. நானும் கேக்கல.

இப்பப் புரியுதா, என் மேல ஏன் இன்னும் கை வைக்கலன்னு? என்னை அடிச்சா நானும் தப்பா அடிச்சுடுவேன்னு பயம். இருக்கறதே இந்த ஒரு கார்டுதான். நானா மனசு வந்து கொடுக்கணும். அதுக்குத்தான் உங்களைப் பிடிச்சாங்க, அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு.

கேளுங்க. நல்லாக் கேளுங்க. முன்னப்பின்ன தெரியாதவனுக்காக என் புருஷனை விடணுமான்னு நீங்க கேக்காம வேற யார் கேப்பா? எனக்கு மட்டும் அவர் யாரு? அப்பா போனதுக்கப்புறம் என்னைப் படிக்க வச்சவரு. ஸ்கேன் சென்டர்ல வேலை கிடைச்ச அன்னைக்கு என்னைவிட அதிகமா ஆடினவரு. இந்தக் கார்டை எங்கிட்டக் கொடுக்கும்போது என்ன சொன்னாரு தெரியுமா? எனக்கே ஒண்ணு ஆனாலும் கொடுக்காதேன்னாரு. சரிண்ணே, சரிண்ணேன்னு தலையை ஆட்டினேன். தலையை ஆட்டறது ஈஸி. ஆளு உள்ள இருக்கும்போதுதான் தெரியுது.

நான் கொடுக்கத்தான் போனேன் அண்ணி.

இன்னைக்குக் காலையில. யார்கிட்டயும் சொல்லல. அந்த ஃபேக்டரி ஆளுங்க எக்கேடோ கெட்டுப் போகட்டும், எனக்கு என் அண்ணன் வேணும்னு போனேன். அவர் திட்டுவாரு, காலம்பூரா எங்கூடப் பேசமாட்டாரு, பேசாட்டிப் போகட்டும், உசிரோட இருந்துக்கிட்டுப் பேசாம இருக்கட்டும்னு.

இல்ல. கொடுக்கல. இப்ப என்கிட்டயும் இல்ல.

உடைச்சுட்டேன். அவங்க ஆபீஸ் பாத்ரூம்லயே. கையால உடைக்க வரல, பல்லால கடிச்சு அந்தச் சிப்பைப் பிச்சு எடுத்தேன். பாருங்க, உதடு கிழிஞ்சிருக்கு. தண்ணியை ஊத்தி விட்டுட்டேன். இனி அந்தச் சாவியை அவங்களாலயும் எழுப்ப முடியாது, எங்களாலயும் முடியாது.

அடிங்க. இன்னும் ரெண்டு அடிங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா ஏன்னு கேட்டீங்கல்ல, அதைச் சொல்லிடறேன்.

நான் போனப்ப ஆபீசர் வரல. முன்னாடி மேஜையில ஒரு பொண்ணு, புதுசு போல. அண்ணன் பேரைச் சொல்லி, நான் தங்கச்சின்னு சொன்னேன். கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்துச்சு. நல்ல பொண்ணுதான், மரியாதையாத்தான் பேசிச்சு. பாடி வாங்க இந்தப் பக்கம் இல்லைக்கா, பின் வாசல் வழியாப் போங்க, செவ்வாய்க்கிழமைலேருந்து இருக்கு, யாருமே வரலையேன்னு பேசிக்கிட்டிருந்தோம்னுச்சு.

ஆமா அண்ணி. செவ்வாய்க்கிழமை. அந்த ஆபீசர் உங்ககிட்ட சிரிச்சுக்கிட்டே பேசினது நேத்துத்தான்.

எழுந்திருங்க. என் தோளைப் பிடிச்சுக்குங்க, கீழ ஆட்டோ நிக்குது. அடையாளம் காட்டக் கூடப்பொறந்தவ போதாதாம், பொண்டாட்டிதான் வரணுமாம்.