பட்டியலில் ஆறாவதாகத் தம் பெயரை எழுதியவருக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் நீரோடும் நெருக்கடியோடும் நித்தம் நின்று, அவற்றில் பத்தொன்பது ஆண்டுகள் எங்கள் குடிநீர் நிலையத்தின் பொறுப்பாளராய் விளங்கி, இன்று மாலை ஐந்து மணியோடு பணி நிறைவு பெறும் பண்பின் உறைவிடமே, பொறுமையின் பெருநிலமே, சொல்லில் சிக்கனமும் செயலில் செம்மையும் ஒருங்கே அமைந்த அம்மையே, வணக்கம்.

இவற்றோடு இன்னும் பதினோரு அடைமொழிகள் இருந்தன. எழுத்தர் இரண்டு நாள் உட்கார்ந்து எதுகை மோனை பார்த்து அடுக்கியவை. ஆனால் ஊழியர்கள் நாங்கள் ஐந்து பேரும் ஒத்துக்கொண்டதுதான் நிலையத்தின் பெயரால் வெளியே போக வேண்டும் என்பது நீங்கள் போட்ட முறை. அந்த முறைப்படி மூன்று பிற்பகல்கள் கூடினோம். "கருணைக் கடலே" என்பதைக் குழாய், வால்வு பழுது பார்க்கும் ஃபிட்டர் அடித்தார். "கடல் தண்ணிய வெச்சுக்கிட்டு நாம என்ன பண்றது" என்று கேட்டார். "தன்னிகரற்ற தலைவியே" என்பதை ஐந்து பேருமே சேர்ந்து அடித்தோம். அதை வாசித்தால் நீங்கள் மேடையிலிருந்து எழுந்து போய்விடுவீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் நாள் மாலை மிஞ்சியவை மூன்று. களைத்துப்போய், இது போதும் என்று விட்டுவிட்டோம்.

களைப்பைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். பாராட்டு மடலில் குறை சொல்வது வழக்கமில்லை. ஆனாலும் உங்களால் நாங்கள் பட்ட களைப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் மற்ற அலுவலகங்களில் மேலே இருப்பவர் சொல்கிறார், கீழே இருப்பவர் செய்கிறார், மாலையில் மேலே இருப்பவரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். அந்த நிம்மதி எங்களுக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை. நீங்கள் வந்த இரண்டாம் வாரமே பம்ப் அறையில் ஒரு கரும்பலகையை மாட்டி, அதன் தலைப்பில் "இன்று" என்று எழுதி, பக்கத்தில் ஆறு பெயர்களின் பட்டியலை ஒட்டினீர்கள். பம்ப் இயக்குபவர், ஃபிட்டர், ஆய்வக உதவியாளர், எழுத்தர், வாசல் காவலர் என்று ஐவரின் பெயர்கள் முதலில். உங்கள் பெயர் ஆறாவது. அன்று யார் முறையோ அவர் பெயர் பலகையில் ஏறும். அன்று அவர் சொல்வதே முடிவு. மற்ற ஐவரும், நீங்கள் உட்பட, அவர் சொன்னபடி நடக்க வேண்டும். அன்றிலிருந்து நீங்கள் இல்லாத இடத்தில் உங்களுக்கு "ஆறாவது" என்றே பெயர். "ஆறாவது வந்தாச்சா" என்று கேட்டுக்கொள்வோம். இது உங்களுக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நம்பியிருந்தோம். போன வாரம் நீங்களே தொலைபேசியை எடுத்து, "ஆறாவது பேசறேன்" என்றபோது எழுத்தருக்கு வியர்த்துவிட்டது.

வாசல் காவலரின் முறை முதன்முதலாக வந்த காலை எங்களுக்கு மறக்காது. அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பம்ப் அறை வாசலிலேயே நின்றார். "மேடம், எனக்கு கேட்ட தொறக்கத் தெரியும், மூடத் தெரியும். ஊருக்குத் தண்ணி விட எனக்கு என்ன தெரியும்?" என்றார். "தெரிஞ்சவங்க அஞ்சு பேர் உள்ள இருக்கோமே. நீங்க எங்களக் கேள்வி கேளுங்க, அது போதும்" என்றீர்கள். அவர் அன்று முழுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். காலை ஆறரை மணிக்கு வாசலுக்கு எதிரே உள்ள தெருக்குழாயில் ஏன் நூல் போலத் தண்ணீர் வருகிறது, அந்த நேரத்தில்தானே எல்லோரும் குடத்தோடு வந்து நிற்கிறார்கள் என்று. அந்த நேரத்தில்தான் நாங்கள் தண்ணீரை வடிகட்டும் மணல் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். ஏன் அந்த நேரம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்போதும் அப்படித்தான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மறுநாள் முதல் பத்தரை மணிக்குக் கழுவினோம். அதற்காக அவரை யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை. அவருடைய அடுத்த முறை வந்தபோது தொப்பியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

ஃபிட்டரின் முறை வரும் நாட்களில் நீங்கள் பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். வால்வுக் குழிக்குள் அவர் இறங்கினால் மேலே டார்ச் பிடிக்கும் வேலை உங்களுக்கு. "அக்கா, என் மூஞ்சில அடிக்காதீங்க, போல்ட்ல அடிங்க" என்று பத்தொன்பது ஆண்டுகள் சொல்லிப் பார்த்தார். நீங்கள் கடைசி வரை போல்ட்டின்மேல் அடிக்கவே இல்லை. எத்தனையோ திறமைகள் நிறைந்த உங்களுக்கு டார்ச் பிடிக்க மட்டும் வரவில்லை என்பதை இந்த அவையில் பதிவு செய்கிறோம்.

இப்படி முடிவெடுத்து முடிவெடுத்து நாங்கள் ஓய்ந்துபோனோம் என்பது உண்மை. யோசிக்காமல் ஒரு நாள் வேலை பார்க்க மாட்டோமா என்று ஏங்கியதும் உண்மை. வாசல் விளக்கை எங்கே மாட்டுவது என்று நான்கு நாள் பேசிய கொடுமையெல்லாம் வேறு எந்த நிலையத்திலும் நடந்திருக்காது. ஆயினும் நாங்கள் எதையும் ஒளிக்காமல் பேசக் கற்றது அங்கேதான். ஆகவே இனி வருவதையும் ஒளிக்காமல் பேசுகிறோம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள். அன்று தலைமை அலுவலகத்தில் கூட்டம் என்று உங்களை அழைத்திருந்தார்கள். நீங்கள் நிலையத்திலேயே இல்லை. பலகையில் இருந்த பெயர் பம்ப் இயக்குபவருடையது. மூன்றாம் எண் மணல் தொட்டியைக் கழுவினோம். கழுவியபின் வரும் முதல் தண்ணீரை இருபது நிமிடம் வடிகாலில் விட வேண்டும். அது தெளிந்துவிட்டதா என்று சோதித்த பிறகே ஊருக்குத் திறக்க வேண்டும். அன்று எட்டாவது நிமிடத்திலேயே ஊருக்குத் திறந்தாகிவிட்டது. கிழக்குப் பகுதியில் மூன்று தெருக்களுக்கும் மருத்துவமனைக்கும் கலங்கல் நீர் போனது. மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களை ஆறு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பதினான்கு பேர் வராந்தாவில் காத்திருந்தார்கள். நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பகிர்ந்து வேலை செய்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. மற்றவருக்கு முழுக்கத் தெரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நம்பினோம். நம்பிக்கை அவ்வளவு பெருத்துவிட்டதால் யாரும் யாரையும் கேட்கவில்லை.

பிறகு விசாரணை வந்தது. மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு மாதத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. "என்ன மேடம் ஆச்சு" என்று கேட்டோம். "பேசி முடிச்சாச்சு. பலகைய மட்டும் வெளிய தெரியாம மாட்டச் சொல்லியிருக்காங்க" என்றீர்கள். கரும்பலகையைச் சுவரிலிருந்து எடுத்து, கருவிகள் வைக்கும் அலமாரிக் கதவின் உட்பக்கம் மாட்டினோம். கதவைத் திறந்து பெயர் எழுதி, மூடிவிட்டு வேலை பார்த்தோம். நீங்கள் சொன்னதை நம்பினோம். இரண்டாம் முறையாகவும் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதன்பின் உங்களுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் உங்களைத் தாண்டி மண்டல அலுவலகங்களுக்குப் போனார்கள். அவர்களில் இருவர் இங்கே ஆய்வுக்கும் வந்தார்கள். நீங்கள் அவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டீர்கள். உங்களுக்கு இந்த நிலையம் பிடித்திருக்கிறது, அதனால் பதவி உயர்வு கேட்கவில்லை என்று நாங்களாகவே ஒரு காரணம் கட்டிக்கொண்டோம். அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

மூன்று வாரங்களுக்கு முன், உங்கள் ஓய்வுக்கான தாள்களைத் தயார் செய்ய எழுத்தர் உங்கள் பணிப்பதிவேட்டை முதன்முதலாகப் பிரித்தார். நடுவில், அந்தக் கலங்கல் நீருக்காக உங்கள் பதவி உயர்வை நிறுத்திய ஒரு கண்டனக் குறிப்பு இருந்தது. அதன் பின்னால் உங்கள் கையெழுத்தில் ஒரு விளக்கக் கடிதம் இருந்தது. நான்கே வரிகள். "நிலையப் பொறுப்பாளர் என்ற முறையில் மேற்படி தவறுக்கு முழுப் பொறுப்பும் என்னுடையதே. ஊழியர் எவரும் இதில் சம்பந்தப்படவில்லை" என்று முடிந்திருந்தது.

எழுத்தர் அதை ஆய்வக மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார். ஐந்து பேரும் நின்றபடியே வாசித்தோம். ஆய்வக உதவியாளர்தான் முதலில் பேசினார். "சம்பந்தப்படவில்லையாம். அப்ப நாம யாரு?" என்றார். எங்களுக்கு நன்றி தோன்றவில்லை, அம்மையே. கோபம்தான் வந்தது. உங்கள் அறையில் வந்து கேட்டோம். "அது பழசு, விடுங்க. ரெண்டாம் தொட்டி கழுவியாச்சா?" என்றீர்கள்.

சாவியைப் பகிர்ந்தீர்கள், முடிவைப் பகிர்ந்தீர்கள், ஆய்வுக்கு வந்தவர்களின் பாராட்டை ஐந்தாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஆறாவது பங்கைக்கூட எடுத்துக்கொள்ளாமல் இருந்தீர்கள். பத்தொன்பது ஆண்டுகளில் உங்கள் பதவியை நீங்கள் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினீர்கள். அதையும் எங்களைக் கேட்காமல் பயன்படுத்தினீர்கள். ஐந்து பேர் ஒத்துக்கொள்ளாமல் நிலையத்தின் பெயரால் வெளியே போன ஒரே தாள் உங்கள் விளக்கக் கடிதம். முறையை உண்டாக்கிய நீங்களே முறையை மீறினீர்கள் என்று மிகுந்த மரியாதையோடும் மிகுந்த வருத்தத்தோடும் தெரிவித்துக்கொள்கிறோம்.

இன்று ஐந்து மணிக்கு அந்தப் பதிவேட்டை மூடி முத்திரையிட்டுவிடுவார்கள். மூடிவிட்டால் அந்தக் குறிப்பு உங்கள் பெயரோடு என்றைக்கும் இருக்கும். ஆகவே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேற்பார்வைப் பொறியாளர் அவர்களைப் பணிவோடு வேண்டிக்கொள்கிறோம். இந்த மடலைப் பாராட்டாக மட்டும் கொள்ளாமல், பதினோரு ஆண்டுகள் தாமதமாக நாங்கள் தரும் விளக்கக் கடிதமாக ஏற்று, இன்றைய தேதியிட்டு, பதிவேடு மூடப்படும் முன் அதில் சேர்க்க வேண்டும். குறிப்பை நீக்குவது தங்கள் கையில் மட்டும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். சேர்ப்பது தங்கள் கையில் இருக்கிறது.

இதனால் எங்களுக்கு என்ன வரும் என்றும் பேசினோம். பம்ப் இயக்குபவருக்கு ஓய்வுக்குப் பதினான்கு மாதங்களே இருக்கின்றன. ஃபிட்டரின் மனைவி, "உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான். எங்களில் ஒருவர் கையெழுத்திட மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அவர் யார் என்று சொல்லப் போவதில்லை. அவரை யாரும் வற்புறுத்தவில்லை என்பதை மட்டும் சொல்கிறோம். நான்காம் நாள் காலை அவரே வந்து பேனாவைக் கேட்டார்.

இன்று அலமாரிக் கதவின் உட்பக்கம் உள்ள பெயர் வாசல் காவலருடையது. அதனால்தான் இந்த மடலை அவர் வாசிக்கிறார். நாளை யார் பெயர் என்பதும் பட்டியலில் இருக்கிறது. புதிய பொறுப்பாளர் வந்ததும் அவருடைய பெயரை எத்தனையாவதாக எழுதுவது என்று அவரிடமே கேட்போம். அவர் பலகையே வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்கு எத்தனை பிற்பகல்கள் ஆகுமோ தெரியவில்லை. இப்போதே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் கூடுவோம்.

உங்களுக்குத் தரும் கண்ணாடிச் சட்டம் இப்போது வெறுமையாக இருப்பதற்குப் பொறுத்தருள வேண்டும். இந்த மடலின் மூலத்தாள் கோப்புக்குப் போகிறது. "பெறப்பட்டது" என்ற முத்திரை விழுந்த நகல் கைக்கு வந்ததும் அதைச் சட்டத்தில் பொருத்தி, நாங்களே உங்கள் வீட்டுக்கு வந்து, சுவரில் ஆணி எங்கே அடிப்பது என்று உங்கள் குடும்பத்தாரோடு கலந்து பேசி மாட்டித் தருவோம்.

அலுவலகக் கோப்பு நடக்கும் வேகத்தை முப்பத்து நான்கு ஆண்டுகள் பார்த்தவர் நீங்கள். அந்தக் குறிப்பு நீங்க இரண்டு ஆண்டு ஆகலாம், பத்து ஆண்டும் ஆகலாம். அது நீங்கும் நாளில் அந்தத் தாளை வாங்கிப் படிக்க நீங்கள் இருந்தாக வேண்டும். ஆகவே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடலில் குறையின்றி, உள்ளத்தில் நிறைவோடு நீடூழி வாழ்வீர்களாக. இது வாழ்த்து அல்ல, ஐந்து பேரும் ஒத்துக்கொண்ட முடிவு. இன்று உங்கள் முறை இல்லையாதலால் நீங்கள் இதை மாற்ற முடியாது.

இங்ஙனம்,
அன்று நிலையத்தில் இருந்தவர்கள்:

வடிகால் வால்வை எட்டாவது நிமிடம் மூடியவர்
மூடியாயிற்று என்றால் சோதித்திருப்பார்கள் என்று நினைத்து ஊருக்குத் திறக்கச் சொன்னவர்
சோதிக்கக் கூப்பிடுவார்கள் என்று மேசையிலேயே காத்திருந்தவர்
கிழக்குத் தெருவிலிருந்து வந்த முதல் தொலைபேசியைப் பதிவேட்டில் எழுதி, யாராவது பார்ப்பார்கள் என்று மூடி வைத்தவர்
வாசல் குழாயில் முகம் கழுவியபோது தண்ணீர் கலங்கலாக வந்ததைக் கண்டும், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டு, இப்போது இதை உங்கள் முன் வாசித்துக்கொண்டிருப்பவர்