கவுண்டரில் சொல்ல வேண்டியது

நவரட்ணம்: வாயைத் திறந்து சொல்லுறதுதான் இந்தக் கனடாவின்ர சட்டம் எண்டுறன். லைன் நகருது, சூட்கேசைத் தள்ளும்.

சந்திரவதனா: சொன்னாப் பிடிக்கமாட்டாங்களோ?

நவரட்ணம்: சொல்லாட்டித்தான் பிடிப்பாங்கள். சூட்கேசுக்கை வேட்டைத் தோட்டா கிடக்கெண்டு கவுண்டரில நிக்கிற பிள்ளையிட்டச் சொல்லவேணும். அவ சூட்கேசைத் திறந்து பாப்பா. பிறகு பூட்டி, பிளேனின்ர அடிப்பக்கத்துக்கு அனுப்புவா.

சந்திரவதனா: திறந்து... தோட்டாப் பெட்டிக்குள்ளயும் பாப்பாவோ?

நவரட்ணம்: பாக்காமல்? ஏனப்பா முகம் வெளிறுது?

சந்திரவதனா: குளிர். எல்லாம் உங்கட அலெக்ஸாண்டரால வந்தது. வேட்டைத் துவக்கைக் காரில கொண்டுபோன மனிசனுக்குத் தோட்டாவைக் கொண்டுபோகத் தெரியேல்லையோ?

நவரட்ணம்: மறந்துபோனான். தண்டர்பேயில இருந்து போன் எடுத்து, நீ பிளேனில வரேக்கை கொண்டு வா எண்டு அழாக்குறையாக் கேட்டவன். வேலையிடத்துப் போர்மன் கேட்டா மாட்டன் எண்டு சொல்லுறதோ?

சந்திரவதனா: வேட்டைக்கோ உங்களைக் கூப்பிட்டவன்? அந்த மூஸ் மான் இறைச்சியைக் கறியாக்கத்தானே.

நவரட்ணம்: என்ர சாப்பாட்டுப் பெட்டியில கை வைச்ச நாளில இருந்து உம்மட கறித்தூளுக்கு அவன் அடிமை. தூள் டின் எங்க?

சந்திரவதனா: உங்கட தோள்பையிலதான்... சூட்கேசுக்கை கொட்டுப்படும் எண்டு.

நவரட்ணம்: தோட்டாப் பெட்டி?

சந்திரவதனா: பெட்டி சூட்கேசுக்கை கிடக்கு.

நவரட்ணம்: நல்லது. அந்தப் பெட்டியை ஏன் அப்பிடிச் செய்திருக்கிறாங்கள், தெரியுமோ?

சந்திரவதனா: தொடங்கியாச்சு... மெல்லக் கதையுங்கோ, ஆக்கள் பாக்கினம்.

நவரட்ணம்: தமிழ்தானே, ஆருக்கு விளங்கப்போகுது. கேளும். தோட்டா எண்டா ஒரு பித்தளைக் கோது. அதுக்குள்ள வெடிமருந்து, நுனியில ஈய ரவை, அடியில நடுவில ஒரு சின்னப் பொட்டு. அந்தப் பொட்டில அடி விழுந்தாத்தான் வெடிக்கும். அதாலதான் ஒவ்வொண்டையும் தனிக் குழியில இறக்கி வைச்சிருக்கிறாங்கள். ஒண்டின்ர நுனி மற்றதின்ர பொட்டில இடிக்காது.

சந்திரவதனா: ஒண்டோட ஒண்டு... தூளுக்கை... சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கிறன், மாக்குள்ளயோ எதுக்குள்ளயோ கிடந்தால்?

நவரட்ணம்: லேசில வெடிக்காது. ஆனால் தோள்பைக்கு எக்ஸ்ரே இருக்கு. மாவுக்குள்ளால, தகரத்துக்குள்ளால, பித்தளை கறுப்புக் கறுப்பா அப்பிடியே தெரியும்.

சந்திரவதனா: தகரத்துக்குள்ளாலயுமோ?

நவரட்ணம்: அதுதான் அந்த மெசினின்ர விசேசம். எலும்பைக் காட்டுறது தகரத்துக்குப் பயப்பிடுமோ?

சந்திரவதனா: ...திரும்பிப் போவமே? எனக்குச் சுகமில்லை எண்டு சொல்லுங்கோ.

நவரட்ணம்: ரிக்கற் அவன் எடுத்துத் தந்தது. முன்னுக்கு நடவும்.

சந்திரவதனா: அடுத்த மாதம் இமிகிரேசன் இன்டர்வியூ. உங்கட பேரோட தோட்டா எண்டு ஒரு சொல்லு சேர்ந்தால், நீயும் இயக்கத்தில இருந்தனியோ எண்டு கேப்பாங்கள். திருப்பி அனுப்பினா எங்க போறது?

நவரட்ணம்: ஒளிச்சுப் பிடிபட்டாக் கேப்பாங்கள். அதுக்குத்தான் சொல்லிப்போட்டுப் போவம் எண்டுறன்.

சந்திரவதனா: அதைத்தான் என்னால...

நவரட்ணம்: என்ன உம்மால? இன்னும் ரெண்டு பேர்தான் முன்னுக்கு.

சந்திரவதனா: இஞ்சருங்கோ. அந்தப் பெட்டியைத் திறக்க விடாதேங்கோ.

நவரட்ணம்: ஏன்?

சந்திரவதனா: அதுக்குள்ள... பருப்பு.

நவரட்ணம்: பருப்போ?

சந்திரவதனா: பாரம் வேணுமெண்டு போட்டனான். மற்றது தூள் டின்னுக்கை. அடியில வைச்சு மேல தூளைக் கொட்டி அமத்தினனான். சிரிக்காதேங்கோ. அங்க ஊரில ஆமிக்காரனைத் தாண்டி எத்தினை சாமான் அப்பிடிக் கொண்டுபோயிருக்கிறம்.

நவரட்ணம்: இது அங்கயில்லை, சந்திரா.

சந்திரவதனா: தெரியும்... அங்க என்ர தம்பி ஒளிக்கேல்லை. பையில என்னடா எண்டு ஆமிக்காரன் கேட்டான். பற்றரி அப்ப தடை, எண்டாலும் ரேடியோவுக்குப் பற்றரி எண்டு உள்ளதைச் சொன்னவன். பஸ்ஸால இறக்கினாங்கள். டிரைவர் கொஞ்ச நேரம் பாத்தான்... பிறகு பஸ்ஸை எடுத்திட்டான். நான் அதுக்குள்ள இருந்தனான்.

நவரட்ணம்: ...உதை நீர் எனக்குச் சொன்னதேயில்லை.

சந்திரவதனா: என்னெண்டு சொல்லுறது. அந்தா, எங்களைக் கூப்பிடுறா. டின்னை எடுத்துக் குப்பைத்தொட்டிக்கை போடட்டோ? கெதியாச் சொல்லுங்கோ.

நவரட்ணம்: டின்னுக்கை தூள்தான் கிடக்கு. காலமை பெட்டியை ஆட்டிப் பாத்தனான். குழிக்குள்ள இருக்கிறது சத்தம் போடாதெல்லே, இது மழை மாதிரிக் கேட்டுது. நீர் குளிக்கேக்கை டின்னுக்கை தேடி எடுத்து, ஒவ்வொண்டாத் துடைச்சுத் திருப்பி அடுக்கிப்போட்டன், தூள் மணந்தான் போகேல்லை. நீராச் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்... வாரும், பக்கத்தில நில்லும். நிமிசத்துக்கு நிமிசம் சட்டம் கதைச்சனானே, உந்தப் பிள்ளையிட்டச் சொல்லவேண்டிய ஒரு வசனம் என்ர வாயிலயும் வருகுதில்லை.