பச்சை நூல் கட்டிய தேரை

தேரையைத் தொடுமுன் கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். நம் உள்ளங்கைச் சூட்டை அது தாங்காது. எங்கள் மலைப்பக்கத்தில் பலருக்கு இது தெரியாது. தேரையைக் கண்டாலே முகத்தைச் சுளித்துக்கொள்வார்கள்.

காப்பி ஆறிவிடப் போகிறது, குடியுங்கள் கண்ணுகளா. கேக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் தோட்டத்துப் பிளம் பழம்தான். மலைக்கோயிலில் மாதா காலடியில் கிடக்கும் மெழுகுத் தேரைகளைப் படம் பிடிக்க மியூனிக்கிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அத்தனைக்கும் நடுவில் ஒன்றுக்கு மட்டும் பின்னங்காலில் பச்சை நூல் கட்டியிருக்கிறதே, அது என்ன வேண்டுதல் என்று கோயில்காரரைக் கேட்டீர்களாம். அவருக்குத் தெரியவில்லை, என்னிடம் அனுப்பிவிட்டார். சொல்கிறேன். எண்பத்தாறு வயதில் எதை மூடி வைத்து என்ன ஆகப்போகிறது.

பெண்ணின் கருப்பை என்பது ஒரு தேரை என்று எங்கள் முன்னோர் நம்பினார்கள். வயிற்றுக்குள் அது உட்கார்ந்திருக்கும். பசித்தால் ஊரும், கோபம் வந்தால் கடிக்கும். அதனால்தான் பிள்ளை வேண்டுகிறவள் மெழுகில் ஒரு தேரை வாங்கி மாதாவுக்கு வைப்பாள். கேட்கும்போதும் வைக்கலாம், கேட்டது கிடைத்த பிறகு நன்றிக்கும் வைக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலும் தேரைதான் தீர்ப்பு சொன்னது. அங்கே உயிருள்ள தேரை. பெண்ணின் சிறுநீரை எடுத்து ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவோம். அவள் கர்ப்பமாக இருந்தால் மதியத்துக்குள் தேரையின் சிறுநீரில் விந்தணு இறங்கிவிடும். நுண்ணோக்கியில் வைத்தால் துடிதுடிக்கும். கர்ப்பம் இல்லையென்றால் வெறும் தண்ணீர். தேரைகளைக் குளிர்ந்த அறையில் வைத்து வளர்ப்பது என் வேலை. ஒருமுறை விந்து விட்ட தேரைக்கு ஓய்வு வேண்டும். உடனே மறுபடி ஊசி போட்டால் இறக்குவதற்கு அதனிடம் ஒன்றும் இருக்காது. நிறைசூலிக்கும் இல்லை என்றுதான் சொல்லும். ஆகவே ஓய்விலிருக்கும் தேரையின் காலில் பச்சை நூல் கட்டி வைப்பேன். அது நானாகக் கண்டுபிடித்த வழி. ஹால்க்ரூபர் டாக்டர் ஒருமுறை எல்லார் முன்னாலும் என்னை அதற்காகப் பாராட்டினார்.

சென்சி என் தம்பி கொர்பினியனின் மனைவி. நல்ல பெண். வாய் மட்டும் கொஞ்சம் துடுக்கு. கல்யாணமான புதிதில் இரண்டு கரு தங்காமல் போயின. அதன்பின் வருஷங்கள் ஓடின, வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. நானோ கல்யாணமே ஆகாமல் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள். மூவரும் சண்டை இல்லாமல்தான் இருந்தோம்.

ஐம்பத்து நான்காம் வருஷம், மெழுகுவர்த்தி மந்திரிக்கும் திருநாள். மலைக்கோயில் வாசலில் மெழுகுக்காரியிடம் சென்சி ஒரு தேரை வாங்கினாள். பிறகு என்ன தோன்றியதோ, இன்னொன்றும் வாங்கி என் கையில் வைத்தாள்.

"இந்தா அக்கா, உனக்கும் ஒண்ணு. உள்ள இருக்கறது பாவம், காஞ்சு கருவாடா கிடக்கும். அதுக்கும் யாராச்சும் ஒரு விளக்கு காட்டணும்ல."

மெழுகுக்காரி சிரித்தாள். பின்னால் நின்ற பால்காரப் பெண்களில் ஒருத்தி, "தூங்கறதை எழுப்பி விடாத சென்சி, முழிச்சா முதல்ல உன்னத்தான் கடிக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சென்சிக்கு உடனே உறைத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "விளையாட்டுக்குத்தான் சொன்னேன் அக்கா. பத்திரமா வச்சிரு. நீ வேண்டினது கிடைச்சதும் கொண்டுவந்து வை" என்றாள்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் வருத்தத்துக்கு இடமே இல்லை.

அடுத்த மாதம் அவளுக்குத் தள்ளிப்போயிருந்தது. ஆனால் நடுநடுவே இரத்தக் கறை பட்டது. கருவா கட்டியா என்று டாக்டருக்குச் சந்தேகம். தேரை உண்டு என்றால் படுக்கையில் வைத்துக் காப்பாற்றலாம். இல்லை என்றால் கருப்பையைச் சுரண்டி எடுத்துப் பார்த்துவிட வேண்டியது என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

வீட்டில் தம்பி அதற்குள் அறைகளை அளவெடுக்கத் தொடங்கிவிட்டான். பிள்ளைக்கு நான் இருந்த தெற்கு அறை, எனக்கு மாட்டுத் தொழுவத்துக்கு மேலே இருக்கும் அறை. மாட்டுச் சூடு எலும்புக்கு நல்லது என்றான். நியாயம்தான்.

சென்சி சிறுநீர்ப் புட்டியைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"உன் கையில இருக்குன்னா எனக்கு பயமே இல்ல அக்கா. கல்லுக்குள்ள இருக்கற தேரைக்கே படியளக்கறவன், எனக்கு மட்டும் இல்லைன்னா சொல்லிடப் போறான்?"

முன்பு கலைந்த இரண்டு கருவின்போதும் படுக்கைத் துணியைத் துவைத்தவள் நான். பனிக்கட்டித் தண்ணீரில் விரல் மரத்துப்போகும் வரை கசக்கியிருக்கிறேன். இன்னொரு முறை அவள் ஆசைப்பட்டு, அது கலைந்து, அழுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆசையை முளையிலேயே கிள்ளிவிடுவதுதான் இரக்கம். அப்படித்தான் நினைத்தேன்.

கையை நனைத்துக்கொண்டேன். முந்தின நாள் விந்து விட்டுக் களைத்துக் கிடந்த ஒரு தேரையை எடுத்தேன். காலில் இருந்த பச்சை நூலை அவிழ்த்து என் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஊசியை ஒழுங்காகப் போட்டேன்.

மதியம் டாக்டர் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணும் இல்ல அஃப்ரா. வெறும் தண்ணி. எதுக்கும் இன்னொரு தேரை வச்சுப் பாத்துடலாமா?" என்றார்.

"பாக்கலாம் டாக்டர். ஆனா குளம் இன்னும் உறைஞ்சு கிடக்கு, புதுசா பிடிக்க முடியாது. மிச்சம் எல்லாம் நூல் கட்டினதுதான்" என்றேன்.

அவர் தலையசைத்தார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் என் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. அன்றைக்கு இல்லை என்று சொன்னது தேரைதான்.

மறுநாள் காலையில் சுரண்டி எடுத்தார்கள். எடுத்தது ஒரு கண்ணாடிக் குடுவையில் எங்கள் பிரிவுக்கே வந்தது. டாக்டர் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். "தேரை நம்மளக் கவுத்துடுச்சும்மா. கரு இருந்திருக்கு. நல்லா பிடிச்சு உக்காந்திருக்கு" என்றார். அந்தப் பெரிய மனிதர் அழுததை அன்றுதான் பார்த்தேன். அவளிடம் சொல்ல வேண்டாம், கட்டி என்றே இருக்கட்டும் என்று கெஞ்சினார். குடுவையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஆனால் நான் சொல்லிவிட்டேன். சென்சிக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலருகே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டபடி, உள்ளே பிள்ளை இருந்தது, இந்தத் தடவை நன்றாகப் பிடித்திருந்தது என்று சொன்னேன். வீட்டு மனுஷியிடம் உண்மையை மறைப்பது சரியில்லை. அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்னக்கா பண்ணுவ. தேரை மேல போயா கோவிச்சுக்க முடியும். அழாத" என்றாள்.

நான் அழுதுகொண்டிருக்கவில்லை. காய்ச்சலில் அவளுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது.

அந்தக் காய்ச்சல் கருப்பையைக் கெடுத்துவிட்டது. அதற்குப் பிறகு பிள்ளை என்ற பேச்சே எழவில்லை. தம்பி போய்ப் பல வருஷம் ஆகிறது. சென்சி போன பனிக்காலத்தில் போனாள். என் இடுப்பு உடைந்ததிலிருந்து எனக்குச் சோறு போட்டு, தலை வாரி, குளிப்பாட்டி விட்டவள் அவள்தான். தங்கமான பெண். இந்தத் தெற்கு அறையில் வெயில் நன்றாக விழுகிறது, இல்லையா? பனிக்காலத்தில்கூட அடுப்பு வேண்டாம்.

நூலைத்தானே கேட்டீர்கள். சென்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, நான் தனியாக மலைக்கோயிலுக்கு ஏறினேன். அவள் வாங்கிக் கொடுத்த மெழுகுத் தேரை கூடையில் இருந்தது. பச்சை நூல் மேலங்கிப் பையிலேயே கிடந்தது. தூக்கியெறிய மனம் வரவில்லை, அதன் காலில் கட்டினேன். வேண்டினது கிடைத்ததும் கொண்டுவந்து வை என்று சென்சி சொல்லியிருந்தாள். வைத்தேன்.