நொண்டிக்கருப்புக்குத் தமிழ் தெரியாது

இல்லைங்க பாய், பிள்ளைக்கு ஓத வரல. பாருங்க, கையில பிள்ளை இல்ல. தண்ணி பாட்டிலும் கொண்டாரல. இது பவுடர் டப்பா. அந்தப் பொம்பளையெல்லாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கிட்டுப் போகட்டும், ஆளொழிஞ்சப்புறம் வருவோம்னுதான் செருப்பு கழட்டுற எடத்துலயே நின்னேன்.

பாய்னு கூப்பிடலாமா, அசரத்துன்னு கூப்பிடணுமா? சரிங்க அசரத்து. என் பேரு தங்கசாமி. திருச்சுழி தாண்டி நரிக்குடி போற ரோட்டுல எங்க ஊரு. எங்க பக்கமும் பள்ளிவாசல் இருக்கு. ஆனா அங்க போனா நான் வீடு சேருறதுக்கு முந்தி சேதி எங்கண்ணன் வீட்டுக்குப் போயிரும். அதான் ரெண்டு பஸ்ஸு மாறி அருப்புக்கோட்டைக்கே வந்துட்டேன்.

டப்பாவக் கீழ வைக்கவா? வேணாங்க, கையிலயே இருக்கட்டும்.

எம்மக ஒண்ணு வெளிநாட்டுல டாக்டருக்குப் படிக்குது. ரேணுகாதேவின்னு பேரு. ஒத்தப்பிள்ளை. தாயில்லாத பிள்ளை. அது போன காலும் கையுமா நல்லபடியா ஊரு வந்து சேரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அதுக்குத்தான் வந்திருக்கேன். இத மனசுல வச்சுக்கிட்டு மத்ததக் கேளுங்க. நடுவுல நான் எங்கண்ணனப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டன்னா எனக்குத் தடம் மாறிப் போகும்.

இங்க சீட்டுக் கெடைக்கலங்க. அதான் அங்க அனுப்புனது. சமர்கண்டுன்னு ஒரு ஊரு, உஸ்பெகிஸ்தான்ல. கேள்விப்பட்டிருக்கீகளா? ஆங், அதேதான். நீங்க சொன்னா நாக்குல ஒழுங்கா வருது.

அந்த ஊர்ல ஒரு ராசாவோட சமாதி இருக்கு. தைமூருன்னு. துலுக்க ராசா... மன்னிச்சுக்கிடுங்க, எங்க பக்கம் அப்பிடித்தான் சொல்லிப் பழக்கம். எம்மக திருத்திச்சு. அப்பா, அது துருக்கின்னு ஒரு இனம், நெறையாக் கூட்டம், நெறையாப் பிரிவு, எல்லாரையும் ஒண்ணாப் போட்டு உருட்டாதன்னுச்சு. குதிரையும் ஆடுமா ஊரூராக் கெடை போட்டுத் திரிஞ்ச சனமாம். நம்ம பக்கம் அறுத்த காட்டுல ஆட்டுக்கெடை போடுறாகல்ல, அந்த மாதிரி. அதுல இருந்து எம்புட்டு ராசா வந்திருக்காக தெரியுமா? டில்லில இருந்ததும் அந்த வழிதானாம். இந்தத் தைமூரு அந்த டில்லியையே வந்து அடிச்சுருக்காக. அங்கிட்டு மேக்க துருக்கி நாட்டு ராசாவையும் கையோட பிடிச்சிருக்காக. அவுகளும் அதே வழி. இவ்வளவையும் ஃபோன்ல கேட்டுட்டு நான் சொன்னேன், ஆத்தா, இது பூராம் பங்காளிச் சண்டைதானேன்னேன். ஆமாப்பா, உனக்கு ஏத்த ஆளுதான்னு சிரிச்சுச்சு.

அதுல ஒரு விசயம் எனக்கு நெஞ்சுல தச்சிருச்சு அசரத்து. இம்புட்டு தேசத்தப் பிடிச்சும் அவுகளால பேருக்குப் பின்னால கான்னு போட முடியலையாம். அதுக்கு செங்கிஸ்கான் வம்சத்துல பெறந்திருக்கணுமாம். இவுக அந்த வம்சத்துல பொண்ணு கட்டி, மாப்பிள்ளைங்கிற பட்டத்தத்தான் போட்டுக்கிட்டாகளாம். சும்மா பேருக்கு அந்த வீட்டு ஆளு ஒருத்தர மேல ஒக்கார வச்சிட்டு, கீழ நின்னு எல்லா வேலையும் இவுக பாத்திருக்காக. முதல் மரியாதை கெடையாது! எவனெவன் எங்கெங்க கையக் கட்டி நின்னாலும், கோயில்ல மொதத் தேங்கா ஒடைக்கிற உரிமை அவுகளுக்குக் கெடையாதுங்கிற மாதிரி. அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. இது என் கதைதானேன்னு கெடந்தேன்.

சிரிக்காதீக. எங்கண்ணன் சோணைமுத்து எனக்குச் செஞ்சது அதுக்குக் கொறைஞ்சதில்ல. எங்க குலசாமிக்கு மாசி சிவராத்திரிக்குத்தான் பொங்க வைப்போம். ஒரு வருசம் எம்பானை மொதல்ல பொங்கிருச்சு. பொங்குறது எங்கையிலயா இருக்கு? வெறகு காஞ்ச வெறகு, பொங்கிருச்சு. மூத்தவன் பானை நிக்க எளையவன் பானை பொங்கலாமான்னு கேட்டு, வலது காலத் தூக்கி எட்டி விட்டாரு பாருங்க, கல்லு ஒரு பக்கம், பானை ஒரு பக்கம். சோறு மண்ணுல. எம்மக அப்ப பத்தாப்பு. அது மேல கஞ்சி தெறிச்சுருச்சு. பங்காளி அத்தன பேரும் நின்னு பாத்தாக.

சரி, ஒங்க சாமியும் வேணாம், ஒங்க சகவாசமும் வேணாம், பிடிமண்ணக் குடுங்க, நான் எங்காட்டுல தனியாப் பீடம் போட்டுக்கிடுறேன்னு கேட்டேன். பிடிமண்ணுன்னா... அதுங்க, பிரிஞ்சு போற பங்காளி, பழைய கோயில்ல இருந்து ஒரு பிடி மண்ணு எடுத்துட்டுப் போயி அத வச்சுத்தான் புதுசா சாமி எழுப்பணும். மண்ணு வந்தா சாமி வந்த மாதிரி. அது இல்லாமப் போட்டா வெறுங்கல்லுதான். எங்கண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? ஒனக்கு ஒரு பிடி இல்ல, நகக்கண்ணுல ஒட்டுற மண்ணு கூடக் கெடையாது போலேன்னாரு.

நான் விடுவனா? எம்மககிட்டச் சொன்னேன். ஆத்தா, லீவுக்கு வரும்போது அந்த ராசா சமாதியில ஒரு பிடி மண்ணு அள்ளிட்டு வந்திரு.

நீங்க கண்ண மூடிக்கிட்டீக. இருங்க, முழுக்கக் கேளுங்க.

அவுகளுக்கு வலது காலு ஊனம். இளவட்டத்துல ஆடு களவாங்கப் போயி அம்பு பட்டுச்சுன்னு கதையாம். எங்க பக்கம் நொண்டிக்கருப்புன்னு ஒரு சாமி உண்டு, நீங்களும் பாத்திருப்பீக. வெட்டுக்குத்து, குதிரை, காலு ஊனம், ஆடு, ஒண்ணு விடாமப் பொருந்துது. ஊர்ல கேட்டா, வடக்க ஒரு கோயில்ல இருந்து கொண்டாந்த நொண்டிக்கருப்புன்னு சொல்லிக்கிடலாம். வடக்கதான! பொய்யில்லையே.

பிள்ளை கொண்டாந்திருச்சு. இந்த டப்பாவுலதான். ராசா படுத்திருக்கிறது மண்டபத்துக்குள்ள, அங்க மண்ணு இல்ல, கல்லு. வெளிய சுவத்தோரம் பூச்செடிக்கு அடியில அள்ளுனேன்னுச்சு. எங்காட்டு உடைமரத்தடியில செங்கல் வச்சுப் பூசி, வெள்ளையடிச்சு, ஒரு வெள்ளிக்கெழம உச்சி வேளையில மண்ண உள்ள வச்சேன். சேவல் அறுத்தேன். அறுத்துட்டுக் கேட்டேன். இங்க பாருங்க ராசா, எம்பானைய எட்டுன காலு ஒண்ணு இருக்கு. எங்க ரத்தத்துக் காலு. அத நீங்க எடுத்துக்கங்க.

ஆமாங்க. அப்பிடியே கேட்டேன். வாய் விட்டு.

ஐப்பசியில மழை பேயுற அன்னைக்கு எங்கண்ணன் வரப்புல விழுந்தாரு. தூக்குனா வலது பக்கம் வெளங்கல. கொஞ்ச நாள்ல கையி வெளங்கிருச்சு. காலு வெளங்கல.

விழுந்த அன்னைக்கு எனக்குச் சந்தோசம்தான், மறைக்கல. இன்னொரு சேவல் அறுத்தேன். ஃபோன்ல எம்மககிட்டச் சொன்னேன், எம்மக சத்தம் போட்டுச்சு. அப்பா, பெரியப்பாவுக்குச் சுகரு, பிரஷரு, மாத்திரை போடுறதில்ல, ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, இது ஒரு வியாதி, இதுக்குப் போயிச் சேவல் அறுப்பியான்னுச்சு. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை, அப்பிடித்தான் பேசும்.

ஆனா இந்தத் தை மாசம் ஒரு வெள்ளிக்கெழம, நான் வெளக்குப் போட்டுட்டு நிமுந்து பாக்குறேன், எங்கண்ணன் வாராரு. கம்ப ஊண்டிக்கிட்டு, அந்தக் கால இழுத்துக்கிட்டு, உழுத காட்டுல கோடு கிழிச்ச மாதிரித் தடம் விழுக வாராரு. எனக்கு எதுத்தாப்புல வந்து நின்னாரு. ஏலே தங்கசாமி, ஒங்கருப்பு கேட்டதக் குடுக்குதாம்ல, எங்காலக் கேட்டுக் குடுறான்னாரு. முன்னப்பின்ன அப்பிடி ஒரு கொரலு அவருகிட்டக் கேட்டதில்ல நான். எத்தன வருசம் காத்திருந்திருப்பேன் இந்த ஒரு நேரத்துக்கு! திட்டணும்னு சேத்து வச்ச பேச்சு எம்புட்டு இருந்துச்சு தெரியுமா? குனிஞ்சு அந்தக் காலுக்குத் துன்னூறு பூசுனேன். சில்லுன்னு இருந்துச்சு. மத்தியான வெயில்ல, அசரத்து, பனியில கெடந்த மாதிரி இருந்துச்சு.

அன்னைக்குப் பிடிச்ச பயம்.

அப்புறம் வாராவாரம் வாராரு. நானும் கேக்குறேன். ராசா, அந்தக் காலத் திருப்பிக் குடுத்திருங்கன்னு கேக்குறேன். அசைவில்ல. யோசிச்சுப் பாருங்க, அவுக வாங்குறவுக. பிடிச்ச ஊரத் திருப்பிக் குடுத்ததா எம்மக ஒரு கதை சொல்லல.

எம்மககிட்டயே கேட்டேன். மண்ண எடுத்த எடத்துலயே திருப்பி வச்சா என்ன ஆத்தான்னு. அப்பத்தான் அந்தச் சமாதிக் கதைய மனசு வந்து சொல்லுச்சு. ரஸ்யாக்காரக ஒரு தடவ அந்தச் சமாதியத் தோண்டிப் பாத்தாகளாம். வலது காலு முட்டி ஒட்டிக் கெடந்தது நெசந்தானாம். ஆனா தோண்டுன மூணா நாளு ஜெர்மன்காரன் படையெடுத்து வந்துட்டானாம். என் எடத்தக் கலைக்கிறவனுக்கு என்னையவிடப் பொல்லாதவன் வருவான்னு எழுதி வச்சிருக்குன்னு சனம் பேசிக்கிடுமாம். சும்மா கதைப்பா, அப்பிடி எழுதியே இல்லைங்கிறாகன்னுச்சு. எலும்பத் திரும்பக் கொண்டு போயி அடக்கம் பண்ணதுக்கப்புறந்தான் சண்டை ரஸ்யாக்காரக பக்கம் திரும்புச்சுன்னும் பேசிக்கிடுவாகளாம். இத எனக்கு மொதல்லயே சொல்லியிருக்க வேணாமா பாவி மக?

நான் அழுதிருப்பேன் போல. உடனே மாத்திப் பேசுது. அப்பா, அது சமாதி மண்ணே இல்ல, ஹாஸ்டல் வாசல்ல செடித் தொட்டியில அள்ளுனது, உன்னையச் சமாதானப்படுத்த அப்பிடிச் சொன்னேங்குது. எத நம்புறது? செடித் தொட்டி மண்ணுக்கு எங்கண்ணன் காலு போகுமா? நான் பயப்படுறேன்னு தெரிஞ்சு எனக்காகப் பொய் சொல்லுது. அதுதான எம்மக.

இல்ல, நீங்க சொல்றது சரி. மண்ணுக்கு ஒண்ணும் கெடையாது, எல்லாம் ஆண்டவன் கையில. அப்பிடியே இருக்கட்டும். நான் மறுக்கல. ஆனா எதுக்கு ஒங்ககிட்ட வந்தேன்னு கேளுங்க. அம்புட்டுப் பெரிய ராசா, அந்த மண்டபத்துல எங்க படுத்திருக்காக தெரியுமா? அவுகளுக்கு நல்லது கெட்டது சொன்ன ஒரு பெரியவரு, ஒங்கள மாதிரி ஓதுன மனுசன், அவரு காலடியில. அப்பிடித்தான் வச்சிருக்காகளாம். அப்ப ஒங்கள மாதிரி ஆளு சொன்னாக் கேப்பாகல்ல?

அதோட இன்னொண்ணு. நேத்து ராத்திரி முழுக்க இதத்தான் நெனச்சேன். அவுகளுக்குத் தமிழ் தெரியாதுல்ல. நான் எங்க ரத்தத்துக் காலுன்னு சொன்னேன். எங்கண்ணன் காலுன்னு பேரச் சொல்லல. அந்தப் பேரச் சொல்லப் பிடிக்காமத்தான் விட்டேன். எங்களுக்குள்ள வெட்டிக்கிட்டோம், ஒட்டிக்கிட்டோங்கிறது அவுகளுக்கு என்ன தெரியும்? வெளிநாட்டு ராசாவுக்கு ரெண்டு வீடும் ஒரே ரத்தந்தான. யாரு காலுன்னு அவுக எப்பிடிப் பிரிச்சுப் பாப்பாக? நீங்க அரபில ஓதுவீகல்ல, அது அவுகளுக்குப் புரியும். ஒத்தக் காலோட முடிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க. கணக்குத் தீந்துச்சுன்னு சொல்லுங்க. பீடத்த இன்னைக்குக் காலையில நானே கடப்பாறையால தட்டிட்டேன். மண்ணு பூராம் இந்த டப்பாவுல இருக்கு. ஒங்க கபர்ஸ்தான்ல ஒரு மூலையில மருவாதையாப் போட்டுருங்க.

நேத்து என்ன நடந்துச்சா?

ஒண்ணுமில்லைங்க. ஃபோன் வந்துச்சு. எம்மக பேசல, அதுகூடத் தங்கியிருக்கிற பிள்ளை, தங்கலட்சுமின்னு, அதும் நம்ம பக்கத்துப் பிள்ளைதான். அப்பா, பயப்படாதீங்க, ரேணு ஹாஸ்டல் படியில பனில வழுக்கி விழுந்திருச்சு, கால்ல எலும்பு விட்டுருச்சு, கட்டுப் போட்டுப் படுக்க வச்சிருக்காகன்னுச்சு. சரி ஆத்தான்னு வச்சுட்டேன். அதுக்கப்புறம் அங்கருந்து நாலஞ்சு தடவ கூப்புட்டாக, நான் எடுக்கல.

எந்தக் காலுன்னு கேக்கலைங்க.

இந்தாங்க ஃபோன். மேல இருக்குல்ல, ரேணுகான்னு பேரு போட்டு, அதத் தொடுங்க. அங்க நம்மளவிட அரை மணி நேரம் பின்னாலதான், முழிச்சுத்தான் இருக்கும். எந்தக் காலுன்னு அது ஒண்ண மட்டும் கேளுங்க. நான் அந்தத் தண்ணித் தொட்டிக்கு அங்கிட்டுப் போயி நிக்கிறேன். இடது காலுன்னா என்னையக் கூப்புடுங்க, ஓடியாறேன். வலதுன்னா எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம் அசரத்து. நீங்க பாட்டுக்கு ஓத ஆரம்பிச்சிருங்க. சத்தம் கேட்டா நான் தெரிஞ்சுக்கிடுவேன்.